ஓட்டுரிமையும் ஓட்டுச்சாவடிப் படியும்

(சிற்றூர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஓட்டுச் செய்வதைப் பற்றியதாகும். “இது ஒரு பெரிய விஷயமா? நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தால் தீர்ந்தது” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தூக்கிக்கொண்டு போவதோடு காரியம் தீர்ந்துவிடுகிறதா, அல்லது கேடே அங்கேதான் ஆரம்பமாகிறதா என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்தியில் உரசிப் பாருங்கள். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தோழர்களே! இந்த நாட்டில் ஓட்டு என்பது ஆரம்பத்தில் யாரிடம் இருந்தது? நிலவரி கட்டுகிறவனிடமும், வீட்டுவரி கட்டுகிறவனிடமும், சொத்துடையவனிடமும் இருந்தது. சொத்து இல்லாதவன் மனிதனாகவே கணக்கில் வரவில்லை. பெண்களின் கதி அதைவிட மோசம். 1921-ல்தான் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கத் தீர்மானம் செய்தது. அதுவும் சொத்து யோக்கியதை உள்ள பெண்களுக்குத்தான். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்கிற நிலை, அரசியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவினால் வந்து, 1951-52 பொதுத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தேர்தலில் நடந்த இரண்டு காரியங்களை நீங்கள் மறக்கக்கூடாது. ஒன்று: 1951 கணக்குப்படி இந்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பேர் படிக்கத் தெரியாதவன் எப்படி ஓட்டுச் செய்வான்? “முதலில் எழுத்துக் கற்றுக்கொண்டு வா, பிறகு ஓட்டுத் தருகிறோம்” என்று அவனைத் திருப்பி அனுப்பினார்களா? இல்லை. ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு சின்னம் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாதவனும் தன் கையால், தன் இஷ்டப்படி சீட்டைப் போட்டுவிட்டு வந்தான். அதாவது, மனிதனுக்குத் தக்கபடி ஏற்பாட்டை மாற்றினார்களே தவிர, ஏற்பாட்டுக்குத் தக்கபடி மனிதன் மாறவேண்டும் என்று சொல்லவில்லை.

இரண்டு: அதே தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பேர்கள் ஓட்டர் ஜாபிதாவிலிருந்து அடிபட்டுப் போயின. காரணம் என்ன தெரியுமா? அவர்கள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்லாமல், “இன்னாருடைய மனைவி”, “இன்னாருடைய மகள்” என்று மட்டும் சொன்னார்கள். தன் பேர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று ஆகிவிட்டது. சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்துக்கொண்டது.

இந்த இரண்டையும் நான் ஏன் சொல்லுகிறேன்? சட்டத்தில் உரிமை இருப்பது வேறு, அது கைக்கு வந்து சேருவது வேறு. நடுவில் எழுத்து நின்றால் சின்னம் வைத்து அதைத் தாண்டினோம். நடுவில் வழக்கம் நின்றபோது 28 லட்சம் பேரை இழந்தோம். இன்றைக்கு நடுவில் நிற்பது என்ன? மூன்று படிக்கட்டு! எட்டாத உயரத்தில் ஒரு மேஜை! கண்ணுக்குமட்டும் தெரிகிற ஒரு துண்டுச் சீட்டு! “நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு” என்கிற மகன்!

எத்தனை பேர்?

“இவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், இவர்களுக்காக இவ்வளவு செலவா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலை அறிவித்தபோது தேர்தல் கமிஷன் கொடுத்த புள்ளிப்படி, நாடெங்கும் மாற்றுத்திறனாளி ஓட்டர்கள் 88 லட்சத்துக்கு மேல். 85 வயது கடந்தவர்கள் சுமார் 82 லட்சம். அவர்களில் நூறு வயது தாண்டியவர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். ஆனால் 2011 மக்கள் கணக்கெடுப்பிலேயே மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். நம் தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். இதில் குழந்தைகளும் அடக்கம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஓட்டர் ஜாபிதாவில் மாற்றுத்திறனாளி என்று குறிக்கப்படாதவர்கள் ஏராளமானவர்கள் என்பது விளங்கும். குறிக்கப்படாதவருக்கு எந்தச் சாவடியில் நாற்காலி வண்டி வேண்டும் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

அது போகட்டும். பத்தே பேர் என்றாலும் என்ன? உரிமை என்பது கும்பலின் அளவைப் பார்த்துக் கொடுக்கிற காரியமா? மேலும், இன்றைக்கு மார்தட்டிக்கொண்டு நிற்கிற வாலிபர்களைக் கேட்கிறேன். நீங்கள் என்றைக்கும் இப்படியே இருக்கப்போகிறீர்களா? கிழத்தனம் என்பது அந்நியன் வீட்டுச் சங்கதியா? நல்ல ஆயுள் இருந்தால் நாம் எல்லோரும் ஒரு நாள் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே பார்க்கப்போகிறவர்கள்தானே!

தர்மமா, உரிமையா?

இந்த விஷயத்தில் நம் ஜனங்களிடையே இருக்கிற முதல் விஷம் கர்மக் கதை. கண் தெரியாமல் பிறந்தால் “போன ஜென்மத்துப் பாவம்”. கால் விளங்காமல் போனால் “தலைவிதி”. இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்த பிறகு அந்தப் பாவம் எங்கே ஓடிற்று? 2014-ல் இந்தியா இளம்பிள்ளை வாதமற்ற நாடு என்று அத்தாட்சி பெற்றதே, அன்றைக்கு ஜனங்கள் எல்லோரும் போன ஜென்மத்தில் புண்ணியவான்களாகிவிட்டார்களா? நோய் கிருமியால் வந்தது; மருந்தால் போயிற்று. இதில் ஜென்மத்துக்கு என்ன வேலை?

இந்தக் கர்மக் கதையினால் உண்டாகிற கெடுதி, இழிவுபடுத்துவதோடு நிற்பதில்லை. உதவி செய்கிறவனையும் அது கெடுத்துவிடுகிறது. “பாவம், ஒரு கை கொடுத்தேன், எனக்குப் புண்ணியம்” என்று அவன் நினைக்கிறான். புண்ணியத்துக்காகச் செய்கிறவன் தனக்கு இஷ்டமானபோது செய்வான், இஷ்டமில்லாதபோது விட்டுவிடுவான். அவனைக் கேள்வி கேட்க முடியாது. உரிமை என்றால் கேள்வி கேட்கலாம், கேட்டுப் பெறலாம், கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம்.

அப்படித்தான் போனார்கள். 2004 பாராளுமன்றத் தேர்தல் சமயத்தில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுகிறவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், ஓட்டுச்சாவடிகளில் மரத்தாலாவது சாய்தளம் போட வேண்டும் என்று உத்தரவு வாங்கினார்கள். பிறகு 2006-ல் அய்க்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையைச் செய்தது. இந்தியா 2007-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 29-ஆவது பிரிவு, அவர்கள் இரகசியமாக ஓட்டளிக்கும் உரிமையைக் காக்கவேண்டும் என்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, எல்லா ஓட்டுச்சாவடிகளும் அவர்கள் வந்துபோகத் தக்கவையாக இருக்கவேண்டும், தேர்தல் சம்பந்தமான தாள்கள் எல்லாம் அவர்கள் அறிந்துகொள்ளத் தக்கவையாக இருக்கவேண்டும் என்று கமிஷனைக் கட்டுப்படுத்துகிறது. “தயவு செய்து” என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

சாய்தளம் என்ற பேரில்

சரி, சாய்தளம் போட்டாய்விட்டது. எப்படிப் போட்டிருக்கிறது? ஓர் அடி உயரத்துக்கு ஏறவேண்டுமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்கவேண்டும் என்பது கட்டடக் கணக்கு. மூன்று படி சேர்ந்தால் ஒன்றரை அடி உயரம் வரும்; அதற்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். ஆறு அடிப் பலகையை அந்தப் படிமேல் சார்த்திவைத்து “சாய்தளம் ஆய்விட்டது” என்று ரிக்கார்டில் எழுதிவிட்டால், அதில் நாற்காலி வண்டி ஏறுமா? பின்னால் இரண்டு பேர் தள்ளினால் ஏறும். ஏறும்போதே கவிழ்ந்தாலும் கவிழும். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாவிட்டால் கைத்தடிக் கிழவருக்கு அது படிக்கட்டைவிட ஆபத்து.

இன்னொன்று சொல்லுகிறேன். நம் ஊர்களில் ஓட்டுச்சாவடி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில். தேர்தலுக்கு முதல்நாள் பலகையைப் போட்டு மறுநாள் கழற்றிக்கொண்டு போனால், அது அய்ந்து வருஷத்துக்கு ஒரு நாள் வேலை செய்யும். அதையே சிமிட்டியால் ஒழுங்காகக் கட்டிவிட்டால், அந்த ஊரில் காலில்லாத பிள்ளை ஒன்று தினந்தோறும் அதன் வழியாகப் பள்ளிக்குப் போகும். அந்தப் பிள்ளை படித்தால்தானே நாளைக்கு ஓட்டைப் பற்றி யோசிக்கும்? ஆகையால், ஓட்டுக்கான சாய்தளத்தை நிரந்தரமாகக் கட்டு என்று கேட்பது படிப்புக்கான சாய்தளத்தையும் சேர்த்துக் கேட்பதாகும்.

யாருடைய ஓட்டு?

தோழர்களே! இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாவடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஓட்டு அவருடையதாகிவிடுமா?

ஓட்டு இயந்திரத்தில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் எண்கள் இருக்கின்றன. கண் பார்வையில்லாத ஓட்டர் கேட்டால், அபேட்சகர்களின் வரிசை அச்சிட்ட பிரெயில் தாளும் அங்கே கொடுக்கவேண்டும். அவர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்து, எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் அந்த எண்ணைத் தொட்டுத் தாமே அழுத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிரெயில் கற்காதவர்கள் எத்தனையோ பேர். அறுபது வயதுக்குமேல் கண்புரையாலும் நீரழிவாலும் பார்வை போனவர் எந்தப் பள்ளியில் பிரெயில் படித்திருப்பார்? அவர்களுக்குக் காதில் சொல்லுகிற ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவில் 2002-லேயே ஒரு சட்டம் செய்து, ஒவ்வொரு ஓட்டுச்சாவடியிலும் மாற்றுத்திறனாளி பிறர் அறியாமல் தாமே ஓட்டளிக்கத்தக்க இயந்திரம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேர்களைக் கேட்டு அழுத்துகிறார்கள்.

நம் இயந்திரத்தோடு இப்போது விவிபாட் என்கிற அத்தாட்சிப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. நாம் அழுத்திய சின்னம் ஒரு சீட்டில் அச்சாகி, கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. கண் உள்ளவனுக்கு ஏழு விநாடி சாட்சி இருக்கிறது. கண் இல்லாதவருக்கு என்ன சாட்சி? ஒரு கூவல் சத்தம். ஓட்டு விழுந்தது என்று அது சொல்லும்; யாருக்கு விழுந்தது என்று சொல்லாது. இயந்திரத்தின் மேல் உள்ள சந்தேகத்தைத் தீர்க்க ஏற்பாடு செய்தபோது, இவர்களுடைய சந்தேகம் சந்தேகமாகவே கணக்கில் வரவில்லை பாருங்கள்.

தாமாக அழுத்த முடியாதவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் விதிகளில் 49-என் என்று ஒரு விதி. பார்வையில்லாதவரோ உடல் தளர்ந்தவரோ, 18 வயதுக்குக் குறையாத ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்தத் துணையாள் ஓட்டரின் விருப்பப்படியே ஓட்டைப் போடவேண்டும். அதை இரகசியமாக வைத்திருப்பதாகவும், அன்று வேறு எவருக்கும் துணையாக இருக்கவில்லை என்றும் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு நாளில் ஒருவன் ஒருவருக்குத்தான் துணையாக இருக்கலாம்.

இந்த விதி ஏன் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறது? ஒரு கட்சிக்காரன் பத்துக் கிழவிகளுக்குத் துணையாக நின்றால் அங்கே பத்து ஓட்டு இல்லை. ஒருவன் போட்ட பத்து ஓட்டு இருக்கிறது. அபேட்சகரோ அவருடைய ஏஜெண்டோ வண்டி அமர்த்தி ஓட்டர்களை இனாமாகச் சாவடிக்கு ஏற்றிவருவதை 1951-ஆம் வருஷத்துச் சட்டம் ஊழல் நடத்தை என்றே சொல்லுகிறது. ஏன்? அந்த வண்டியில் ஏறும்போதே ஓட்டுக்கு விலை பேசியாகிவிடுகிறது.

கட்சிக்காரன் இருக்கட்டும், வீட்டுக்குள் வருகிறேன். ஒரு பாட்டியம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தி தெளிவு, கை நடுங்குகிறது, கண் மங்கல். மகன் கூட்டிக்கொண்டு போகிறான். “ஆத்தா, நீ நில்லு, நான் அமுக்கிடறேன்” என்கிறான். எந்தச் சின்னம் என்று கேட்டானா? கேட்கவில்லை. அந்த அம்மாள் சொன்னால்தான் அமுக்குவானா? அதுவும் இல்லை. அவன் தாயைச் சுமந்துகொண்டு வந்ததற்கு ஊரெல்லாம் மெச்சும். தாயின் ஓட்டை அவன் எடுத்துக்கொண்டதை யார் கேட்பார்கள்? 1951-ல் “இன்னாருடைய மனைவி” என்று பேர் போயிற்று. இன்று “இன்னாருடைய தாய்” என்று ஓட்டே போகிறது. இரண்டும் ஒரே காரியந்தான்.

சுயமரியாதை என்று நாம் மேடைபோட்டுப் பேசுகிறோமே, அது எங்கே இருக்கிறது? என் அபிப்பிராயம் இன்னது என்று நானே தீர்மானிப்பதில் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தைச் செய்கிற இடம் அந்த அட்டை மறைவுக்குள் இருக்கிற அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் பண்ணையாரும் கூலியாளும் ஒன்று, மகனும் தாயும் ஒன்று. அந்த அரை நிமிஷத்தை ஒருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, “உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேனே” என்று சொல்லுவது என்ன நியாயம்?

வீட்டிலிருந்தே ஓட்டு

இப்போது வீட்டிலிருந்தே ஓட்டளிக்கும் வசதி வந்திருக்கிறது. 2019-ல் விதியைத் திருத்தி, 80 வயது கடந்தவர்களுக்கும், 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் தபால் ஓட்டுக் கொடுத்தார்கள். 2024-ல் வயதை 85 ஆக்கினார்கள். 12-டி என்கிற படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வந்த அய்ந்து நாளுக்குள் கொடுக்கவேண்டும். பிறகு அதிகாரிகள் போலீஸ் காவலோடும் படம் பிடிக்கிறவரோடும் வீட்டுக்கே வந்து ஓட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். முதல் பொதுத்தேர்தலில் இமாசலத்துக் கல்பாவில் முதல் ஓட்டைப் போட்டவர் என்று பேர்பெற்ற ஷியாம் சரண் நேகி என்கிற உபாத்தியாயர், 2022 நவம்பர் 2-ஆம் தேதி தமது 106-ஆவது வயதில் வீட்டிலிருந்தபடியே ஓட்டுப் போட்டார். மூன்று நாளில் காலமானார். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தக் கடைசி ஓட்டு விழுந்திருப்பது சந்தேகம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, வீட்டில் ஓட்டுப் போடும்போது மகன், மருமகள், பேரன் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு எட்டிப்பார்த்தால் அது இரகசிய ஓட்டாகாது. அவர்களை வெளியே நிறுத்துவது அதிகாரியின் கடமை. நிற்பது உங்கள் யோக்கியதை. இரண்டாவது, “வீட்டிலேயே போட்டுவிடுங்களேன், சாவடிக்கு ஏன் வருகிறீர்கள்?” என்று எவரும் சொல்லக்கூடாது. வீட்டு ஓட்டு, வேண்டியவருக்கு ஒரு சவுகரியம். சாய்தளம் கட்டாமல் தப்பித்துக்கொள்ள அது ஒரு சாக்கு ஆகக்கூடாது. நாலு பேரோடு வரிசையில் நின்று, நானும் இந்த ஊர்ப் பிரஜை என்று காட்டிக்கொள்வதும் ஓட்டுரிமையில் ஒரு பங்கு. ஒருமுறை வீட்டு ஓட்டுக்குப் பேர் ஏறிவிட்டால் அந்தத் தேர்தலில் சாவடிக்குப் போய்ப் போடமுடியாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, தீர்மானத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மனவளர்ச்சி குன்றியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. “இவனுக்கு என்ன தெரியும்?” என்று வீட்டாரே பேரைச் சேர்க்காமல் விடுகிறார்கள். 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, சித்த சுவாதீனமில்லாதவர் என்று உரிய கோர்ட்டு தீர்ப்புச் சொன்னவருக்கு மட்டுமே ஓட்டர் ஜாபிதாவில் இடமில்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்ல அண்ணனுக்கும் அதிகாரமில்லை, கணக்கப்பிள்ளைக்கும் அதிகாரமில்லை. “எல்லாம் தெரிந்த” நாம் ஜாதியையும் பிரியாணிப் பொட்டலத்தையும் பார்த்து ஓட்டுப் போடுகிற லட்சணத்தில், பிறருடைய புத்தியை அளக்க வந்துவிடுகிறோம்!

நீங்கள் செய்யவேண்டியது

பேச்சோடு போனால் பிரயோசனமில்லை. நீங்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. தேர்தலுக்கு வெகு நாளைக்கு முன்பே உங்கள் ஊர்ச் சாவடிக்கு ஓர் அளவு நாடாவோடு போங்கள். படியின் உயரத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்குங்கள். சாய்தளம் அந்த நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாவடி மாடியில் இருந்தால் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இருக்கிற மாற்றுத்திறனாளிகள் 8-ஆம் எண் படிவம் கொடுத்து ஜாபிதாவில் தங்கள் நிலையைக் குறித்துக்கொள்ள ஒத்தாசை செய்யுங்கள். 1950 என்கிற தொலைபேசி எண்ணில் வண்டியும் நாற்காலியும் கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். துணையாகப் போகிறவன் முதலில் வாயைத் திறந்து “எதை அழுத்தவேண்டும்?” என்று கேட்கவேண்டும், அப்புறம் வாயை மூடிக்கொள்ளவேண்டும். ஓட்டர் தாமே அழுத்த முடியுமானால் அவன் மறைவுக்குள் போகவே கூடாது.

2025-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக வைக்கச் சட்டம் செய்தது. நல்ல காரியம். ஆனால் மன்றத்தில் நாற்காலி கொடுத்துவிட்டு, மன்றத்து வாசலில் படிக்கட்டை வைத்திருந்தால் அந்த நாற்காலியால் என்ன லாபம்?

ஆகையால் தோழர்களே! அவர்களைத் தூக்காதீர்கள், வழியைச் செப்பனிடுங்கள். அவர்களுக்காக ஓட்டுப் போடாதீர்கள்; அவர்கள் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் கட்சிக்கு எதிராகப் போட்டாலும் போடட்டும். அதுதான் அவர்கள் தாங்களாகவே போட்டார்கள் என்பதற்கு அடையாளம்.